வாய்தா மேல் வாய்தா: கேள்வி – பதில்

கூட்டம் போடுகிறார்கள், டீ கொடுக்கிறார்கள், முடிவு மட்டும் எடுப்பதில்லை என்று குமுறும் கடிதங்கள் மேஜையை நிறைத்துவிட்டன. இந்த வாரம் வேறு பேச்சே கிடையாது.

தபால்துறை ஓய்வூதியர், விருத்தாசலம்: ஒரு தீர்மானத்தைத் தள்ளிவைப்பதற்கும் சாகடிப்பதற்கும் என்ன வித்தியாசம் ஐயா?

தேதி. மறுபடி எப்போது எடுத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுத் தள்ளினால் ஒத்திவைப்பு. சொல்லாமல் தள்ளினால் கொலை. எதிர்த்தவர் யார் என்று பதிவேட்டில் ஒரு பெயர்கூட இருக்காது.

அடுக்ககவாசி, தாம்பரம்: லிஃப்ட் மாற்றும் விஷயம் ஒவ்வொரு பொதுக்குழுவிலும் வருகிறது. ஒவ்வொரு தடவையும் ‘பரிசீலிக்கலாம்’ என்று எழுதி மூடிவிடுகிறார்கள்.

யார் பரிசீலிப்பார், எந்தத் தேதிக்குள் அறிக்கை தருவார் என்று கேளுங்கள். இரண்டையும் மினிட்ஸில் ஏற்றச் சொல்லுங்கள். மறுத்தால் உங்கள் ஆட்சேபத்தை ஏற்றச் சொல்லுங்கள். நாலாவது மாடியில் முழங்கால் வலியோடு இருக்கும் பெரியவருக்குப் ‘பரிசீலிக்கலாம்’ என்றால் இன்னும் நாலு மாடிப் படி.

கல்லூரி மாணவர், திருச்சி: கூட்டம் நடத்துவதற்கென்றே விதிப் புத்தகம் எழுதியவர் வக்கீலா, அரசியல்வாதியா?

இரண்டும் இல்லை தம்பி, அமெரிக்க ராணுவப் பொறியாளர். பெயர் ஹென்றி மார்ட்டின் ராபர்ட். 1863ல் மாசசூசெட்ஸ் மாநிலத்து நியூ பெட்ஃபோர்டில் ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்க அழைத்தார்கள். ஒரே அமளி. விட்டேனா பார் என்று விதிகளைத் தேடித் தொகுத்து 1876ல் புத்தகமாக்கினார்.

1900ல் வந்த புயலுக்குப் பின் கால்வெஸ்டன் நகரைக் காக்கக் கடற்சுவர் திட்டமிட்ட குழுவிலும் இருந்தார். கடலை அடக்கச் சுவர் போதும். மனிதர்களை அடக்கத்தான் புத்தகம் வேண்டியிருந்தது.

அதே மாணவர்: அந்தப் புத்தகத்தில் முடிவைத் தள்ளிப்போட வழி இருக்கிறதா?

தாராளமாக! குறிப்பிட்ட நாளுக்கு ஒத்திவைக்கலாம். குழுவுக்கு அனுப்பலாம். அவசர வேலை குறுக்கிட்டால் தற்காலிகமாக ஓரம்கட்டலாம். காலவரையின்றி ஒத்திவைக்கலாம்.

கடைசி வழி எதற்கென்று புத்தகம் பூசி மெழுகவில்லை. நேரடி வாக்கெடுப்பு நடத்தாமல் தீர்மானத்தைக் காலிசெய்யவே அது இருக்கிறது. முதல் வழிக்கு நல்ல கடிவாளம் உண்டு. மாதாமாதம் கூடும் சங்கம் என்றால் அடுத்த வழக்கமான கூட்டத்தைத் தாண்டித் தள்ளக் கூடாது. இந்த ஒரு விதியை நம் சங்கங்கள் எடுத்துக்கொண்டாலே பாதிக் கடிதங்கள் எனக்கு வராது.

பெண்ணின் தகப்பனார், மன்னார்குடி: பெண் பார்க்க வந்தவர்கள் ‘வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறோம்’ என்று போனார்கள். எப்போது சொல்வார்கள்?

சொல்லிவிட்டார்கள் அண்ணே. அடுத்த வரனைப் பாருங்கள்.

வங்கி ஊழியர், சேலம்: நன்றாக ஓடும் நிறுவனத்தைச் சத்தமில்லாமல் முடக்குவது எப்படி?

அமெரிக்க உளவு அமைப்பு ஓ.எஸ்.எஸ். 1944லேயே கையேடு போட்டிருக்கிறது. எதிரி நாட்டில் சாதாரண ஊழியர்களை வைத்தே நாசவேலை செய்வது எப்படி என்பதுதான் பாடம். குண்டு வைக்கச் சொல்லவில்லை. நீளமாகப் பேசு. எல்லாவற்றையும் குழுவுக்கு அனுப்பு. குழுவில் ஐந்து பேருக்குக் குறையாமல் பார்த்துக்கொள். சொல்லுக்குச் சொல் திருத்தம் கேள். போன கூட்டத்தில் முடிந்துபோனதை மறுபடி கிளறு. ‘அவசரப்பட வேண்டாம்’ என்று அறிவுரை சொல்.

பகை நாட்டை வீழ்த்த வகுத்த உத்தியை நாம் நம் சொந்தச் சங்கத்தின் மேலேயே பிரயோகிக்கிறோம். எனக்கு ஆத்திரம் வருவது இதனால்தான்.

சரித்திர ஆசிரியை, கும்பகோணம்: பேசிப் பேசியே முடிவைத் தடுத்தவர்களில் மூத்தவர் யார்?

ரோமாபுரியின் இளைய கேட்டோவை மூத்தவர் வரிசையில் வைக்கலாம். பொழுது சாய்ந்தால் செனட் கலைந்தாக வேண்டும். ஆகவே பொழுது சாயும்வரை பேசுவார். கி.மு. 59ல் ஜூலியஸ் சீசர் பொறுமை இழந்து, ‘இவரைச் சிறைக்கு இழுத்துப்போங்கள்’ என்றார். செனட்டர்கள் பலர் எழுந்து கேட்டோவின் பின்னாலேயே நடக்க, சீசர் விட்டுவிட வேண்டியதாயிற்று.

ஆட்டோ ஓட்டுநர், மதுரை: அமெரிக்க செனட்டில் விடிய விடியப் பேசுவார்களாமே, உலக சாதனை எவ்வளவு?

செனட் சாதனை சொல்கிறேன். 1957ல் ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசினார். கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காக்கும் சட்டம் வரக் கூடாது என்பதற்காக. அவர் ஓய்ந்த கையோடு அந்தச் சட்டம் நிறைவேறியது.

அவருடைய சாதனை கிட்டத்தட்ட 68 ஆண்டு நின்றது. 2025ல் கோரி புக்கர் 25 மணி 5 நிமிடம் பேசி உடைத்தார். புக்கர் கறுப்பினத்தவர். இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சர்க்கரை போடாத காபிகூட இனித்தது.

வழக்குரைஞர், நாகர்கோவில்: நிமிடக் கணக்கு இருக்கட்டும். இப்படிப் பேசியவர்களால் உண்மையில் எதையாவது தடுக்க முடிந்ததா?

ஆண்டுக்கணக்கில் முடிந்தது. 1964ல் குடிமை உரிமைகள் சட்டம் வந்தபோது தென்மாநில செனட்டர்கள் முறைவைத்துப் பேசி 60 வேலை நாளைத் தின்றார்கள். ஜூன் 10 அன்று அவை 71க்கு 29 என்று வாக்களித்துப் பேச்சை நிறுத்தியது. ஜூலை 2ல் சட்டம்.

உணவு விடுதியில் உட்காரவும் பள்ளியில் சேரவும் காத்திருந்தவர்களுக்கு அந்த 60 நாள் வெறும் அவைக் குறிப்பு அல்ல. தள்ளிப்போடுவதை எடைபோட என்னிடம் ஒரே தராசுதான்: காத்திருப்பின் வலி யாருக்கு? தள்ளிப்போடுகிறவருக்கே வலித்தால் அது போராட்டம். அடுத்தவருக்கு வலித்தால் அராஜகம்.

நூலகர், யாழ்ப்பாணம்: அப்படியானால் தள்ளிப்போடுதல் போராட்டமாக இருந்த உதாரணம் சொல்லுங்கள்.

அயர்லாந்துக்காரர்கள். பார்னெலும் பிக்கரும் லண்டன் நாடாளுமன்றத்தில் சிறுபான்மை. வாக்கெடுப்பில் ஜெயிக்கவே முடியாது. கையில் இருந்தது வாய் ஒன்றுதான்.

அயர்லாந்தில் விசாரணையில்லாமல் ஆட்களைச் சிறையில் அடைக்க 1881ல் மசோதா வந்தது. ஜனவரி 31ல் கூடிய அவை பிப்ரவரி 2 காலை வரை 41 மணி நேரம் கலையவில்லை. சபாநாயகர் பிராண்ட், விதியில் இல்லாத அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொண்டு விவாதத்தை முடித்துவைத்தார். அடுத்த ஆண்டே விவாதத்தை வெட்டும் விதியை அந்த அவை எழுதிக்கொண்டது. பேசவிடாமல் செய்யும் கருவி பிறந்தது, பேச வேறிடம் இல்லாதவர்களை அடக்க. என் மனசு பார்னெல் பக்கம்தான்.

பால்காரர், ஈரோடு: பேசாமலே இழுத்தடிக்க முடியுமா?

நடந்தே இழுத்தடிக்கலாம். ஜப்பானில் எதிர்க்கட்சியினர் வாக்குப் போடும் இடத்துக்கு அங்குலம் அங்குலமாக நடப்பார்கள். பெயரே மாட்டு நடை. அமைதிப்படைச் சட்டத்துக்காக 1992ல் ஒரே வாக்கெடுப்பைப் பல மணி நேரம் நீட்டினார்கள். உங்கள் மாடு அதைவிட வேகமாக வீடு சேரும்.

பட்டயக் கணக்காளர், கோயம்புத்தூர்: எல்லோரும் சம்மதித்தால்தான் முடிவு என்று வைத்துக்கொண்டால் சண்டையே வராதே?

போலந்து வைத்துப் பார்த்தது. ஒரே ஓர் உறுப்பினர் ‘அனுமதிக்க மாட்டேன்’ என்று எழுந்தால் அந்தத் தீர்மானம் மட்டுமல்ல, கூட்டத்தொடரே செல்லாது. 1652ல் ஆரம்பித்த கூத்து. பக்கத்து அரசுகள் ஓர் உறுப்பினரை விலைக்கு வாங்கினால் போதும், நாடே நின்றுவிடும். 1791 மே 3 அரசியலமைப்பில் இந்த முறையை ஒழித்தார்கள். 1795ல் போலந்தே வரைபடத்தில் இல்லை.

கல்லூரிப் பேராசிரியை, வேலூர்: பெண்கள் இட ஒதுக்கீட்டு மசோதாவுக்கு ஏன் இத்தனை ஆண்டு? சுருக்கமாகச் சொல்லுங்கள் போதும்.

சுருக்க முடியாத கதை அம்மா, முழுதாகக் கேளுங்கள். 1996 செப்டம்பர் 12ல் தேவகவுடா அரசு கொண்டுவந்தது. கீதா முகர்ஜி தலைமையில் கூட்டுக்குழு அமைத்தார்கள். குழு வேலையை முடித்தது. அவைதான் முடிக்கவில்லை. மக்களவை கலைந்தது, மசோதாவும் காலாவதி.

1998ல் மறுபடி. அவையிலேயே பிரதியைக் கிழித்தார்கள். 1999ல் மறுபடி. மறுபடியும் கிடப்பு. ஒவ்வொரு தடவையும் ‘கொள்கையளவில் ஆதரிக்கிறோம், கருத்தொற்றுமை வரட்டும்’ என்றார்கள். முப்பத்து மூன்று சதவீதம் கொடுப்பதற்கு, இடத்தை இழக்கப்போகிறவர்களிடம் கருத்தொற்றுமை கேட்டால் எப்படி வரும்?

2008ல் ஒரு சூட்சுமம் செய்தார்கள். மக்களவை கலைந்தாலும் மாநிலங்களவையில் நிலுவையில் இருக்கும் மசோதா சாகாது. எனவே அங்கே அறிமுகம் செய்தார்கள். 2010 மார்ச் 9ல் 186க்கு 1 என்று நிறைவேறியது. நாம் கைதட்டினோம். அது மக்களவைக்கு வந்து, எடுத்துக்கொள்ளப்படாமலே கிடந்து, 2014ல் அவை கலைந்தபோது செத்தது.

2023 செப்டம்பரில் 106வது திருத்தமாக வந்தேவிட்டது. ஆனால் சட்டத்துக்குள்ளேயே ஒரு வாய்தா: அதன்பின் எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளியாகி, தொகுதிகளைப் பிரித்த பிறகே அமல். கீதா முகர்ஜி 2000ல் காலமாகிவிட்டார்.

நூற்பாலைத் தொழிலாளி, ராஜபாளையம்: அம்பேத்கர் ஏன் அமைச்சர் பதவியை விட்டார்?

முக்கியக் காரணங்களில் ஒன்று இந்த வாரத்துப் பாடம்தான். இந்துப் பெண்களுக்குச் சொத்து, விவாகரத்து போன்ற உரிமைகளைத் தரும் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா. 1941ல் பி.என். ராவ் குழு. அப்புறம் அந்தக் குழுவே 1944ல் மறுபடி. 1947ல் மசோதா. 1948ல் அம்பேத்கர் தலைமையில் தெரிவுக்குழு. குழு, அறிக்கை, விவாதம் என்று பத்தாண்டு.

1951 செப்டம்பரில் பிரிவு வாரியாக எடுத்து, நான்கு பிரிவு தாண்டியதும் கைவிட்டார்கள். செப்டம்பர் 27 அன்று அவர் ராஜினாமா கடிதம் கொடுத்தார். பின்னாளில் 1955, 56ல் அதே மசோதாவை நாலு துண்டாக்கி நாலு சட்டமாக நிறைவேற்றினார்கள். ஆக, முடியாத காரியம் இல்லை. அவர் பதவியில் இருக்கும்போது முடிக்க மனமில்லை.

மாமன்ற உறுப்பினர், தூத்துக்குடி: ‘மக்கள் கருத்தைக் கேட்டு முடிவெடுப்போம்’ என்று சொல்வது ஜனநாயகம்தானே?

கேட்டுவிட்டு எடுத்தால் ஜனநாயகம். மசோதாவைக் கருத்தறியச் சுற்றுக்கு விடுவது சட்டமன்றங்களில் பழைய நடைமுறை. கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்க முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்த மசோதாவும் 1930ல் சுற்றுக்குத்தான் போனது. சட்டமானது 1947ல். அந்த 17 ஆண்டில் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமிகளின் கருத்தை எவரும் கேட்கவில்லை.

புகைப்படக் கலைஞர், கரூர்: நம் தொகுதி எம்.பி.யாக இருந்த தம்பிதுரை வகித்த மக்களவைத் துணைத் தலைவர் பதவி பிறகு யாருக்குப் போனது?

அடுத்த மக்களவையில் எவருக்கும் இல்லை. 2019 முதல் 2024 வரை ஐந்தாண்டும் அந்த நாற்காலி காலி. அரசியலமைப்பு ‘கூடிய விரைவில்’ தேர்ந்தெடுக்கச் சொல்கிறது. தேதி போட்டிருந்தால் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

டீக்கடைக்காரர், பெரம்பலூர்: எதிர்க்கட்சிகள் அடிக்கடி ஒத்திவைப்புத் தீர்மானம் கேட்கின்றனவே, அவர்களும் இழுத்தடிக்கத்தானா?

இல்லை, அவர்கள் அவசரப்படுகிறார்கள். அன்றைய வழக்கமான வேலையை நிறுத்திவிட்டு இந்தப் பிரச்சினையை உடனே பேசு என்பதே அந்தத் தீர்மானம். மக்களவையில் 50 பேர் எழுந்து நிற்க வேண்டும்.

சட்டக் கல்லூரி மாணவி, சென்னை: கையெழுத்துப் போடாமல் வைத்திருப்பது எப்போதாவது நாட்டுக்கு நன்மை செய்திருக்கிறதா?

செய்திருக்கிறது. மக்களின் கடிதங்களைப் பிரித்துப் பார்க்க அரசுக்கு அதிகாரம் தரும் தபால் திருத்த மசோதா 1986ல் நிறைவேறியது. ஜனாதிபதி ஜெயில் சிங் கையெழுத்தும் போடவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. அது சட்டமாகவே இல்லை. ஜெயில் சிங்குக்கு என் வணக்கம்.

ஆனால் அதே ஓட்டை வழியாக வேறென்னவெல்லாம் வருகிறது பாருங்கள். ஆயுள் கைதி பேரறிவாளனை விடுவிக்கலாம் என்று தமிழக அமைச்சரவை 2018 செப்டம்பரில் பரிந்துரைத்தது. ஆளுநர் மாளிகை இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்து ஜனாதிபதிக்கு அனுப்பியது. கடைசியில் 2022 மே 18ல் உச்ச நீதிமன்றம்தான் விடுவித்தது. ஒரு மனிதனின் ஆயுளில் இருந்து மூன்றரை ஆண்டு. எந்தத் தரப்பு நியாயம் என்று யாரும் வாதாடலாம். ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்லும் கடமையில் வாதமே கிடையாது.

அதே மாணவி: ஆளுநருக்குக் கெடு உண்டா, இல்லையா?

2025 ஏப்ரல் 8ல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு உண்டு என்றது. தமிழகத்தின் 10 மசோதாக்கள் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றும் சொன்னது. ஜனாதிபதி விளக்கம் கேட்டார். நவம்பர் 20ல் ஐவர் அமர்வு, நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கருதவும் முடியாது, ஆனால் காரணமின்றிக் காலவரையறை இல்லாமல் வைத்திருந்தால் நீதிமன்றம் தலையிடலாம் என்றது.

அப்படியானால் கெடுவை எழுத வேண்டியது நாடாளுமன்றம். பிரிட்டன் எழுதியது. பிரபுக்கள் சபை ஒரு மசோதாவை எத்தனை காலம் தடுக்கலாம் என்று 1911ல் இரண்டு ஆண்டு வரம்பு வைத்து, 1949ல் ஓராண்டாகக் குறைத்தார்கள்.

கூட்டுறவுச் சங்க உறுப்பினர், தஞ்சாவூர்: வாக்கெடுப்பு நெருங்கும்போது ஒரு கோஷ்டி எழுந்து வெளியே போய்விடுகிறது. ‘கோரம் இல்லை’ என்று கூட்டம் கலைகிறது. பரிகாரம்?

கம்பெனிச் சட்டம் 2013ஐப் பாருங்கள். பொதுக்கூட்டம் தொடங்க அரை மணிக்குள் கோரம் சேராவிட்டால், அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம், அதே இடம். அன்றும் அரை மணிக்குள் சேராவிட்டால் வந்திருப்பவர்களே கோரம். வராதவனின் நாற்காலிக்கு ஒரு தடவைதான் மரியாதை. உங்கள் சங்க விதியில் இது இல்லையென்றால் திருத்தம் கொண்டுவாருங்கள்.

பள்ளித் தாளாளர், பொள்ளாச்சி: நான் தலைமை தாங்கும் கூட்டத்தில் ஒருவர் நிமிடத்துக்கு ஒரு பாயிண்ட் ஆஃப் ஆர்டர் எழுப்புகிறார். விதிப்படி அனுமதித்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். வேலையைக் கெடுப்பதற்கென்றே எழுப்பப்படுவதைத் தலைவர் ஏற்கக் கூடாது என்பது ராபர்ட் புத்தகத்தின் விதி. நம் மக்களவை விதிகளிலும், விவாதத்தை ஒத்திவைக்கக் கோரும் தீர்மானம் விதியைத் துஷ்பிரயோகம் செய்வதாகப் பட்டால் சபாநாயகர் எடுத்துக்கொள்ளவே மறுக்கலாம். ஒன்று மட்டும் கவனம்: பிடிக்காத கேள்வி கேட்பவரையும் வேலையைக் கெடுப்பவரையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள். முன்னவர் உங்களுக்கு ஆசிரியர்.

கல்வெட்டு ஆர்வலர், திருநெல்வேலி: எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டை போடுபவரைத் தண்டித்த சரித்திரம் நம் மண்ணில் உண்டா?

உங்கள் மாவட்டத்திலேயே உண்டு சார்! மானூர்க் கல்வெட்டு. பாண்டியன் மாறன் சடையன் காலம், கி.பி. 800ஐ ஒட்டி. உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கு நூறாண்டு மூத்தது. ஊர்ச் சபையார் கூடி, சபையில் யார் உட்காரலாம், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று விதி எழுதினார்கள். நிலமும் கல்வியும் நல்லொழுக்கமும் உள்ளவருக்கே இடம் என்றார்கள். எல்லோருக்கும் இடம் தராத சபை அது. அதை நான் கொண்டாட மாட்டேன். இன்னொரு விதியைக் கொண்டாடுவேன்.

எந்தத் தீர்மானம் வந்தாலும் ‘இல்லை, இல்லை’ என்று சொல்லிக் காரியத்தைத் தடுப்பவருக்கு ஐந்து காசு அபராதம். அவருக்குத் துணைபோனவருக்கும் உண்டு. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். கட்டிய பிறகும் அதே விதிக்கு அடங்கித்தான் நடக்க வேண்டும்.